அய்யர் வரும்வரை

உபதேசியாரே,

இன்று மாலை வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பேருந்தில் என் தோல்பைக்குள் திராட்சரசம் கொட்டிவிட்டது. ஏதோ ஒரு வளைவில் பை சரிந்தது. புட்டியின் மூடி நெகிழ்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து திறந்தபோது, உலர்திராட்சையும் கிராம்பும் சேர்ந்து வெந்த மணம் அறை முழுவதும் பரவியது. மலைச்சபையின் திருவிருந்துக்கென்று என் மனைவி நேற்றுக் காய்ச்சி வடிகட்டிக் கொடுத்த ரசம். ஒருவர் நாவிலும் படாமல் அது மலை இறங்கி வந்துவிட்டது. நீங்கள் காலமான அன்று உங்கள் தலைமாட்டில் இருந்ததும் இதே மணம்தான். அதைத் தாங்கமாட்டாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறுதலாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அய்யர்மீது இருக்கிறது. தேவன்மீதும் இருக்கிறது, அதை ஜெபத்தில் அவரிடமே முறைப்படி தெரிவித்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தே தலை நரைத்தவன் நான். ஒரு வழக்கை எத்தனை முறை தள்ளிவைத்தாலும் வாய்தாவில் அடுத்த தேதியைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். கட்சிக்காரர் திட்டிக்கொண்டாவது அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறுவார். தேவன் தேதி சொல்வதில்லை. காத்திரு என்கிறார், எதுவரை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். தேதி இல்லாத வாய்தா எங்கள் நடைமுறையிலேயே கிடையாது என்று நான் ஒருமுறை உங்களிடம் வாதாடியபோது நீங்கள் கேட்டீர்கள்: "தேதி குடுத்துட்டா மட்டும் உங்க கோர்ட்டுல அன்னைக்கே கேசு முடிஞ்சிடுதுங்களா, சட்டம் சார்?"

சட்டம் சார் என்று எனக்குப் பெயர் வைத்தவரும் நீங்கள்தான். மலைச்சனங்கள் இன்றும் என்னை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

நான் கள்ளக்குறிச்சிச் சபையின் செயலர். நீங்கள் அதன் மலைக்கிளைக்கு உபதேசியார். வடக்கனந்தலில் பிறந்தவர், வேலைக்கென்று மலை ஏறி அங்கேயே தங்கிவிட்டீர்கள். நாம் இருவரும் ஒத்த வயதினர் என்பதைத் தவிர நமக்குள் வேறு ஒற்றுமை இருந்ததாக நினைவில்லை. ஆராதனைக்கு நீங்கள் குறித்த நேரத்தில் மணி அடித்ததே கிடையாது. நான் முகம் சுளித்தால், "மேட்டு வூட்டு அம்மா ஆட்டக் கட்டிட்டு வந்துக்கினு இருக்குது சார். அது வராம யாருக்கு மணி அடிக்கறது?" என்பீர்கள். உங்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்திருக்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு விதியை மட்டும் நீங்கள் மீறியதில்லை. உபதேசியார் பிரசங்கம் செய்யலாம், ஜெபிக்கலாம், அடக்கம் செய்யலாம். ரொட்டியையும் ரசத்தையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து கொடுப்பதற்கு அபிஷேகம் பெற்ற போதகர், அதாவது நம் சனங்கள் சொல்லும் அய்யர், வந்தாக வேண்டும். அவருக்கோ ஊர் ஊராகச் சபைகள். மாதம் ஒருமுறை மலை ஏற வேண்டியவர். மழை, மண்சரிவு, கீழே ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். மேசைமேல் வெள்ளைத்துணி விரித்திருக்கும், ரொட்டி இருக்கும், ரசம் இருக்கும், சனமும் இருக்கும். அய்யர் மட்டும் இருக்கமாட்டார். வெயில் சாயும்வரை பாட்டுப் பாடவைத்துவிட்டு, "அடுத்த தபா வாங்கிக்கலாம், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவீர்கள்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வேதத்தில் வரும் ஓர் அரசனைப் பற்றிப் பிரசங்கித்தீர்கள். போர்முனையில் தீர்க்கதரிசி வரும்வரை காத்திருக்கச் சொல்லப்பட்டவன்; அவர் வரத் தாமதித்ததால், அவர் இடவேண்டிய பலியைத் தானே இட்டு, அதனாலேயே அரசை இழந்தவன். பேருந்துக்கு நடந்து வரும்போது நான் அவனுக்காக வாதாடினேன். குறித்த நாள்வரை அவன் காத்திருந்தான். படை சிதறிக்கொண்டிருந்தது. சொன்ன காலத்துக்கு வராதவர் தீர்க்கதரிசி. தண்டனை மட்டும் காத்திருந்தவனுக்கு. இதில் என்ன நியாயம்?

"மேல்முறையீடு போடுங்க சார்," என்றீர்கள். "எனக்கும் அந்த ஆளு மேல எரக்கம்தான். ஆனா ஒண்ணு. அவரு வருவாருங்கற நெனப்பு அவனுக்கு விட்டுப்போச்சு. அங்கதான் தோத்தான்."

"அது தீர்ப்புக்குப் போதுமான காரணம் அல்ல," என்றேன்.

"அதான் சொல்றேன், மேல்முறையீடு போடுங்க."

கோடி வீட்டுப் பெரியவரின் சாவை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பிறகு உங்கள் மனைவி சொல்லித்தான் தெரியும். இழுத்துக்கொண்டு கிடந்த அவர் திருவிருந்து கேட்டிருக்கிறார். நீங்கள் அய்யருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காத்திருப்போம் தாத்தா என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அய்யர் வருமுன் அவர் போய்விட்டார். அதன்பின் பல நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் உங்கள் மனைவி. உங்கள் கடைசி நாள்வரை எங்கள் யாரிடமும் இதை நீங்கள் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் உங்கள் நுரையீரல் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபின், வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அதன் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். கீழே உங்கள் தம்பி வீட்டில் இருங்கள் என்று கெஞ்சினோம். மலைக்குத்தான் போவேன் என்றீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். உங்களுக்கு மீதமிருந்த ஆசை ஒன்றே ஒன்று: சாகுமுன் திருவிருந்து. நானே அய்யரிடம் தொலைபேசியில் சொன்னேன். காலையிலேயே கிளம்பிவிட்டேன் என்றார். அதன்பின் மலையில் சிக்னல் போய்விட்டது.

குடையோடு பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். ஏறி வந்த பேருந்துகளில் அவர் இல்லை. அவருடைய வண்டியும் வரவில்லை. மழை விடவில்லை. டீக்கடைக்காரர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா சார், காலைலேந்து நின்னுக்கினே இருக்கீங்க?"

"அய்யர் வரவேண்டும்."

"கல்யாணங்களா? அடடா, இந்த மழையில போயி முகூர்த்தம் வெச்சிக்கினீங்களே! பொண்ணு எந்த ஊரு?"

கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வயிற்றெரிச்சலில் அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். முகத்தில் மூக்குக் குழாய், விலாவெலும்பெல்லாம் தெரியும் நெஞ்சு, அதோடு சிரித்தீர்கள். "பொண்ணு எந்த ஊருன்னா கேட்டான்?" என்று மறுபடி கேட்டுச் சிரித்தீர்கள். உங்கள் மனைவி ஓடிவந்து, "அவர சிரிக்க வெக்காதீங்கண்ணா, மூச்சு வாங்குது," என்று என்னைக் கடிந்துகொண்டார்.

பிற்பகலில் உங்கள் உதடு நீலம் பாரித்தது. சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. மாற்றுச் சிலிண்டர் மலையடிவாரத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மேசைமேல் ரசம் இருந்தது. ரொட்டி இருந்தது. நான் சட்டத்தையெல்லாம் மனத்துக்குள் புரட்டினேன். சாகக் கிடப்பவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சபையார் எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு அவசர விதி இருக்கிறது. திருவிருந்துக்கு அப்படி ஒரு விதி நம் சபையில் இல்லை. ஏன் இல்லை என்று அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு உங்கள் காதருகே குனிந்து சொன்னேன்: "நானே கொடுக்கிறேன். குற்றம் என் தலைமேல் இருக்கட்டும். யாரும் கேட்கப் போவதில்லை."

நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"யாரு பேசறது? சட்டம் சாருங்களா?"

"விளையாடாதீர்கள். நேரம் இல்லை."

"கோடி வூட்டுத் தாத்தாவுக்கு நான் குடுக்கலயே சார்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினீர்கள். "இந்தச் சனங்கள எல்லாம் காத்திருங்க காத்திருங்கன்னு சொல்லிட்டு... எனக்கு மட்டும் கதவச் சாத்திக்கினு குடுப்பீங்களா? தொறங்க. காத்து வரட்டும்."

கதவைத் திறந்தேன். மழைக்காற்று உள்ளே வந்தது. அப்போதுதான் அதைச் சொன்னீர்கள்.

"காத்து இருக்கற வரைக்கும் காத்திருப்பேன் சார். அதுக்கு மேல அவரு பாத்துக்குவாரு."

நம் பக்கத்துப் பேச்சில் காற்றும் காத்துதான். சாகும் தறுவாயில் ஒரு மனிதர் சிலேடை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நீங்கள் காத்திருந்தீர்கள். காத்து இருக்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் அய்யர் வந்தார். வளைவில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருக்கிறது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு மலை முழுவதும் நடந்து ஏறியிருக்கிறார். உடம்பில் நனையாத இடம் இல்லை. திருவிருந்துப் பாத்திரப் பெட்டியை மட்டும் சட்டைக்குள் அணைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தார். உங்கள் கட்டிலைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவரைக் கேட்பதற்காக நாள் முழுவதும் சேர்த்துவைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட என்னால் கேட்க முடியவில்லை. என் கோபம் போவதற்கு இடமின்றி என்னிடமே தங்கிவிட்டது.

அடக்கம் முடிந்தபின் கூடியிருந்தவர்களுக்கு அவர் திருவிருந்து கொடுத்தார். நான் வாங்கவில்லை. உங்களுக்குக் கிடைக்காததை உங்கள் வாசலில் நின்று வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அன்று முதல் கீழே நம் பெரிய கோயிலிலும் வாங்கவில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து முன்னே போகும்போது நான் இருக்கையிலேயே இருந்துவிடுகிறேன். யாரும் காரணம் கேட்பதில்லை; செயலர் ஏதோ விதிப்படிதான் செய்வார் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலும்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வரும், காத்திருங்கள் என்கிறது மேலிடம். அதனால் கீழே திருவிருந்து இல்லாத ஞாயிறுகளில் எல்லாம் நானே மலை ஏறி ஆராதனை நடத்துகிறேன். குறித்த நேரத்தில் மணி அடிக்கிறேன். மேட்டு வீட்டு அம்மா அப்போதும் ஆட்டைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்றைக்கு அய்யர் வருவதாக இருந்தது. உங்கள் அடக்கத்தன்று கொடுத்ததற்குப் பின் மலையில் நடக்கவேண்டிய முதல் திருவிருந்து. பல நாள் யோசித்து, இன்று அந்தச் சனங்களோடு சேர்ந்து நானும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போனேன். என்னைப் பொறுத்தவரை அது எளிய முடிவல்ல. கோபத்தை வைத்துக்கொண்டே அந்த மேசைக்குப் போகலாமா என்று எனக்குள் பெரிய வழக்கே நடந்தது. போகலாம் என்று தீர்ப்பாயிற்று. அய்யர் வரவில்லை. அவர் ஏறி வரும் வழியில், கரும்பு ஏற்றிய வண்டி கச்சிராயபாளையத்துக்கு அருகே குறுக்கே கவிழ்ந்துவிட்டதாம். பிற்பாடு பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள்.

வெயில் ஏறியதும் இளைஞன் ஒருவன் எழுந்தான். "சட்டம் சார், நீங்களே குடுத்துடுங்களேன். படிச்சவரு. பசங்க பசியில கத்துதுங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

உங்கள் காதில் நான் சொன்ன அதே வாதம். இருந்தும், "அய்யர் வரும்வரை காத்திருப்போம்," என்று என் வாய் சொன்னது.

"உபதேசியாரு மாதிரியே பேசறாரு பாரு," என்றார் ஒருவர் பின்னாலிருந்து. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உங்களைப் போலவா? நீங்கள் சிரித்துக்கொண்டே காத்திருந்தீர்கள். நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பாதையைப் பார்ப்பதும் மணிக்கட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் கோடி வீட்டுப் பெரியவரின் மனைவி பாயிலிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஒக்காருங்க சார். நீங்க நின்னா அய்யரு வண்டி இன்னும் வேகமாவா வரும்? உங்களப் பாத்துப் பாத்து எங்களுக்குத்தான் காலு வலிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். கணவரின் கடைசி விருப்பம் நிறைவேறாமலே போனதைக் கண்ணெதிரே கண்டவர் அந்த அம்மா. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பாயின் ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மாலைப் பேருந்து வரும்வரை பாடினோம். எனக்குப் பாட்டு வராது என்பது அவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே பெரிய கோயிலில் திருவிருந்து இருக்கிறது. அங்கே அய்யர் தாமதிப்பதில்லை. எழுந்து போய் வாங்கிக்கொண்டால் என் வழக்கு அன்றோடு முடிந்துவிடும். ஆனால் நான் மலைக்குத்தான் போவேன். அந்த அம்மாவுக்குக் கிடைக்கும் நாளில், அந்தப் பாயில் இருந்துதான் வாங்கிக்கொள்வேன். என்னிடம் கீழ்ப்படிதல் இருக்கிறது, உபதேசியாரே, பொறுமை இல்லை. அதை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். பொறுமையில்லாமல் காத்திருப்பதும் காத்திருத்தலாகுமா என்று தெரியவில்லை. ஆனாலும், அவர் வருவார் என்ற நினைப்பு மட்டும் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை.