புளி போட்டுத் தேய்த்த காசு

என் பாசத்துக்குரிய அப்பாவுக்கு,

அங்கே நீங்கள் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள். இங்கே கிடந்து அல்லாடுவது நாங்கள் அல்லவா? கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரி ஓட்டிப்போன ஊரிலெல்லாம் பழைய செப்புக் காசும் ஓட்டைக் காலணாவுமாக வாங்கி, பிஸ்கட் டப்பாவில் சேர்த்தீர்கள். சரி. கண்ணை மூடப்போகிறபோது டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனிடம் மட்டும், "அதுல லட்சக்கணக்குல கெடக்குது தங்கராசு" என்று ஏன் சொன்னீர்கள்? அதோடு சரி, இரண்டு வருசமாக அவன் எங்கள் எருமப்பட்டிப் பக்கமே வரவில்லை. நான் அமுக்கிக்கொண்டேனாம்! ஐப்பசியில் என் சின்னவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் யார் மடியில் உட்காரவைப்பேன்?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் போன் செய்து, "நீயே வந்து வெல கேட்டுக்கண்ணா" என்று கத்தினேன். அவன் ஊர் புதுச்சத்திரத்தில், நான் வந்த சேலம் பஸ்ஸில் ஏறினான். இறங்கும் வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

பழைய காசு வாங்குகிற கடைக்காரர் டப்பாவைக் கொட்டினார். இரண்டைக் கையில் எடுத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருங்க இதத் தேச்சது? தேய்க்காம வச்சிருந்தா நாப்பதாயிரம் குடுத்திருப்பேன். எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சு. மொத்தத்துக்கும் ஆயிரத்து எட்டுநூறு தாரேன்."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் லாரி சாவி, ஸ்பேனரோடு காசையும் பொட்டு வைத்துப் படையலில் வைப்பீர்களே. அதற்கு முந்தின நாள் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "பளபளன்னு இருக்கோணும் சாமி, அப்பத்தான் மதிப்பு" என்று மிரட்டியது யார்?

"புளி போட்டுத் தேச்சது நாந்தானுங்க" என்றான் அண்ணன், மெதுவாக.

"சாம்பல் போட்டது நானுங்க" என்றேன்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். விற்கப்போவதில்லை என்று டப்பாவை அவனே மூடி எடுத்துக்கொண்டான்.

உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவே மனசு வரவில்லை அப்பா. ஆயுசு முழுக்கச் சேர்த்ததை வருசா வருசம் எங்களைவிட்டே அழிக்கவைத்தீர்களே, அது எந்த ஊர் நியாயம்?

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் இறங்கப்போனவன், டப்பாவை என் மடியில் வைத்தான். "சின்னவ காதுகுத்து என்னிக்குன்னு எனக்கொரு வார்த்த சொன்னியா புள்ள?" என்றான்.

"நீ கேட்டியா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காதுகுத்துக்கு வருகிறான். அதற்கு முன்னால் ஆயுத பூஜைக்கும் வருகிறான். மழுங்கினால் மழுங்கட்டும், இந்த வருசமும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்து, உங்கள் படத்துக்கு முன்னால் வைப்போம். புளி அவன் வாங்கி வருகிறானாம்.

சாம்பலோடு காத்திருக்கும்
உங்கள் மகள்,
மகேஸ்வரி