நான்காவது கம்பிக்கட்டு

அன்புள்ள உனக்கு,

மூன்று நாள் தீவிர ஆலோசனைக்குப் பின், சனிக்கிழமைச் சமையலுக்கு ஒரு வாவல் மீன் போதாது, இரண்டு வாங்குவது என்று புதன்கிழமை தீர்மானித்தேன். அந்தச் சனிக்கிழமை நீ உன் அண்ணன் வீட்டிலிருந்து அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே திரும்பி வருவதாகச் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அன்று ஆற்றுப் பாலத்தடியில் சாரத்தின் மேல் நின்றிருந்தேன். கான்கிரீட்டை உடைக்காமல், உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் துருப்பிடித்து அறுந்திருக்கின்றனவா என்று காந்தக் கருவியை நகர்த்திப் பார்ப்பதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நான்காவது கம்பிக்கட்டில் பாதிக் கம்பிகள் அறுந்திருந்தன. நம்ப மனமில்லாமல் மூன்று தடவை அளந்தேன்.

நேற்று உன் அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார்.

"மச்சான், போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சாங்க. பாலம் புதுசு மாதிரி இருக்குலா!"

"பெயிண்ட் வெளியதான் இருக்கு மச்சான்."

"ரிப்போர்ட்ட ஒரு வாரம் தள்ளிப் போடு. சனிக்கிழமை தங்கச்சியக் கூட்டிட்டு வரணும்ல?"

ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு அவர் பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடந்துதான் தினமும் நாற்பத்து நான்கு பேர் போகிறார்கள். அவர் எதிரிலேயே அறிக்கையில் கையெழுத்திட்டேன். போட்டு வைத்த டீயை அவர் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: இன்று மாலை பாலத்தை மூடிவிட்டார்கள். நாளை சனிக்கிழமை பஸ் எடுக்கப்போவதில்லை என்று உன் அண்ணன் சொல்லியனுப்பினார். மீன் ஒன்றுதான் வாங்கினேன்.