நாற்பத்திரண்டாம் மேசையின் தட்டுகள்

செப்டம்பர் 6, சனி. பார்சலோனா

பழைய விருந்தாளிகள் காலையில் இறங்கினார்கள், புதியவர்கள் மதியம் ஏறினார்கள். நடுவில் மூன்று மணி நேரம். அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தின் எல்லா மேசைக்கும் துணி மாற்றியாயிற்று. என் இடுப்பு மட்டும் இன்னும் போன பயணத்திலேயே இருக்கிறது.

கப்பலில் சாப்பிட எட்டு இடம் உண்டு என்று அறைக்கு அறை புத்தகம் வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? ஏறியதும் ஒன்பதாம் தளத்துப் பஃபேயில் போய் மொய்க்கிறார்கள். இரவு எங்கள் பெரிய கூடத்துக்கு வரும்போதுதான் அடங்குகிறார்கள். இங்கே நேரம் குறித்தது, மேசை குறித்தது, பதினான்கு இரவும் அதே முகங்கள், பரிமாறுவதும் அதே ஆள்.

நாற்பத்திரண்டாம் மேசை எனக்கு. ஐந்து பேர். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் திரு. பெல்லமி, அவர் மனைவி, ஒரே மாதிரி உடுத்தும் அர்ஜென்டினாச் சகோதரிகள் இருவர், அபர்டீனிலிருந்து தனியாக வந்திருக்கும் திருமதி லம்ஸ்டன். லம்ஸ்டன் அம்மாள் உட்கார்ந்ததும் முள்கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத் தலைவர் துவார்த்தே இன்று ஒரு செய்தி சொன்னார். மேல் தளத்து இத்தாலிய உணவகத்தில் ஓர் இடம் காலி. எனக்கோ பக்கத்து மேசைகளில் பரிமாறும் ஸ்டெஃபானுக்கோதான். பயணக் கடைசியில் விருந்தாளிகள் எழுதும் சீட்டைப் பார்த்து முடிவு செய்வாராம். அந்த உணவகம் இரவில் மட்டும்தான் திறக்கும். அப்படியென்றால் மதிய வேளை எனக்கு ஓய்வு. இங்கே மதியம் ஒரு மணி என்றால் பிலிப்பைன்ஸில் எங்கள் ஊர் இலோய்லோவில் இரவு ஏழு. என் மகள் லிகாயா சோற்றுத் தட்டோடு உட்காரும் நேரம்.

எட்டு வயதுப் பெண். தினம் பேசுகிறோம்தான். ஆனால் போன வாரம், "அம்மா, பேசினது போதும். ஒரு நாளாவது சேந்து சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த இடம் எனக்கு வேண்டும். வேண்டும், வேண்டும்.

செப்டம்பர் 7

லம்ஸ்டன் அம்மாள் சூப்பை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை நான் கொண்டுபோனது முதலில் போன அதே சூப். "இப்பதான் சரியா இருக்கு" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாசமாய்ப் போக. என்ன செய்துவிட்டேன்!

இன்று எல்லோரும் கோட்டும் பட்டுமாக வரும் இரவு. கடல் கொஞ்சம் ஆடியது. ஆட்டுக்கறி பரிமாறி முடித்த நேரம், பெல்லமி முகம் வெளுத்து, "மன்னிச்சுக்குங்க, நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று எழுந்து நடந்தார். பாதிச் சாப்பாட்டில்!

என் கை யாரையும் கேட்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொரு தட்டையும் இருந்த இடத்திலேயே சுழற்றித் திருப்பி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் யார்தான் செய்ய மாட்டார்கள்? சாப்பாட்டு நடுவில் ஒருவர் கிளம்பினால் இருப்பவர்கள் தட்டைத் திருப்ப வேண்டும், போகிறவர் பத்திரமாய்ப் போய்ச் சேரட்டும் என்று. ஜூனில் கப்பலுக்குக் கிளம்பிய அன்று வண்டி சீக்கிரம் வந்து நான் பாதியில் எழுந்தபோது, என் தங்கையும் லிகாயாவும் அப்படித்தான் திருப்பினார்கள். லிகாயா திருப்பிய வேகத்தில் மீன் தரையில் விழுந்தது.

ஆனால் அபர்டீனில் இந்த வழக்கம் கிடையாது போல. லம்ஸ்டன் அம்மாள் கறியைக் குத்தப் போன நேரத்தில் நான் தட்டைத் திருப்ப, முள்கரண்டி மேசைத்துணியில் நின்றது. குழம்பு பட்டுச்சட்டையின் கைமேல்.

"என் தட்டுல உனக்கு என்ன வேலை?" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. என் வாயில் "மன்னிச்சிடுங்க மேடம்" மட்டும் ஏழெட்டுத் தடவை வந்தது.

செப்டம்பர் 10

எழுத்து மூலமாகப் புகார். துவார்த்தே கூப்பிட்டார்.

"மெர்லி, நீ தட்டு எடுத்துப் பாத்திருக்கேன், தட்டு போட்டு உடைச்சும் பாத்திருக்கேன். சுத்திவிட்டு இப்பதான் பாக்கறேன். அது என்ன ரேடியோ குமிழா?"

விளக்கிச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார், தெரிந்தது. பிறகு சிரிக்காமல், "மேல் தளத்தை இந்தத் தடவை மறந்துடு" என்றார்.

மறந்துடணுமாம். எப்படி மறக்கறது? குழந்தைக்கு என்னன்னு சொல்றது? அம்மா ஒரு தட்டைத் திருப்பினேன், அதுல உன் சாப்பாட்டு நேரமும் கொட்டிப்போச்சுன்னா?

இரவு லம்ஸ்டன் அம்மாளின் நாற்காலி காலி. கூடத்துக்கே வர மாட்டாராம். இன்னும் ஏழு இடம் இருக்கிறதே.

செப்டம்பர் 11, வியாழன். நேப்பிள்ஸ்

பெல்லமி முகம் தெளிந்து வந்து உட்கார்ந்தார். "நான் போனப்புறம் இங்க பெரிய கூத்தாமே?" என்றார். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். பெல்லமி தலையை ஆட்டினார். "அப்ப நான் பொழச்சது கப்பல் டாக்டரால இல்ல, உன்னால."

அவர் மனைவி சொன்னார்: "இன்னும் கொஞ்சம் வேகமாச் சுத்தியிருந்தா குறட்டையும் நின்னிருக்கும்."

அப்புறம் சகோதரிகளில் பெரியவர் கை கழுவ எழுந்தார். மூன்று தட்டுகள் திரும்பின. அவர் திரும்பி வந்ததும் கைதட்டல். சின்னவர் வேண்டுமென்றே எழுந்தார். மறுபடி தட்டு. நான் ஒயின் ஊற்ற முடியாமல் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அந்தக் காலி நாற்காலி கண்ணில் பட்டது.

செப்டம்பர் 13

என்னோடு தண்ணீரும் ரொட்டியும் பார்க்கும் கேதுத், பாலித் தீவுக்காரர், எங்களுக்குள் பெரியவர். கப்பலில் யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்பது கேப்டனுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். லம்ஸ்டன் அம்மாளின் யாத்திரையைப் பற்றி இன்று அறிக்கை கொடுத்தார்.

"ஜப்பான் கடையில முதுகு சாய நாற்காலி இல்லையாம். பிரெஞ்சுல தட்டு பெருசாம், அதுல கறியைத் தேடணுமாம். நீச்சல்குளத்துப் பக்கம் பாட்டுச் சத்தமாம். பஃபேல யாரோ முழங்கையை அவங்க சூப்புல விட்டுட்டானாம்."

"இப்ப எங்க?"

"ரூமுக்கே வரவழைச்சுக்கறாங்க. மூடி போட்டு உள்ள போற தட்டு மூடி போட்டபடியே வெளிய வருதாம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கடைசி வரி கேட்டதும் போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் கூடத்தில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். லம்ஸ்டன் அம்மாள் நேராக என் பகுதிக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு வேகவைத்த முட்டை, இரண்டு ரொட்டி கேட்டார். கொண்டுபோய் வைத்தேன்.

"பெல்லமி சொன்னாரு. ஆள் நல்லபடியாப் போய்ச் சேரத்தானா அது?"

"ஆமா மேடம்."

"பலிக்குதா?"

உள்ளதைச் சொன்னேன். "எங்க வீட்டுல இதுவரைக்கும் போனவங்க எல்லாரும் போய்ச் சேந்திருக்காங்க."

முட்டையைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். மகன் ஹெலிகாப்டர் ஓட்டுகிறானாம், நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் வேலை. "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல அவன் இனிப்பு வரைக்கும் இருந்ததே இல்ல. போன் வரும், எந்திரிச்சுப் போயிடுவான். பன்னெண்டு வருஷமா நான் ஒரு தட்டைக்கூடத் திருப்பினதில்ல. ஜன்னல்ல நின்னு வானத்தைப் பாத்ததுதான் மிச்சம். அதைப் பாக்க முடியாமத்தான் இந்தக் கப்பல்ல ஏறினேன். இங்கயும் எந்த இடத்துல உக்காந்தாலும் அதே வானந்தான்."

ரொட்டித் தட்டின் விளிம்பில் விரலை வைத்தார்.

"எந்தப் பக்கமாத் திருப்பணும்? வலமா, இடமா?"

தெரியவில்லை! இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. "மனசு போற பக்கம் மேடம்" என்று சமாளித்தேன்.

செப்டம்பர் 15

இரவு வந்துவிட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பெல்லமியிடம், "என்னை அப்படிப் பாக்காதீங்க, பசிக்குது" என்றார். கைத்துணிக்கு அடியில் கைபேசி. எட்டரைக்கு மகன் அங்கே கிளம்புகிறானாம். எட்டரைக்கு ஐந்து தட்டும் திரும்பின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. காபி ஊற்றும்போது கைபேசி நடுங்கியது. படித்தார். "இறங்கிட்டான்" என்றார். அப்புறம் இரண்டு தட்டு இனிப்பு சாப்பிட்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி. கடைசி இரவு

இனிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். துவார்த்தே வாசலிலிருந்து சைகை காட்டினார்: உடனே வா. போச்சு என்று நினைத்தேன். பாதியில் விட்டுவிட்டு நடந்தேன். வாசலுக்குப் போய்த் திரும்பினால், மேசையில் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்காக! சின்னச் சகோதரி மறந்துவிட்டார் போல, லம்ஸ்டன் அம்மாள் எட்டி அவர் தட்டையும் திருப்பிவிட்டார்.

துவார்த்தேயும் பார்த்தார். கையில் இருந்த தாளை நீட்டினார். அந்தப் பழைய புகார். லம்ஸ்டன் அம்மாள் அதைத் திரும்பக் கேட்டு வாங்கி, அடியில் எழுதியிருக்கிறார்: "மேலே உள்ளது நான் எழுதியதுதான். அப்போது எனக்கு விவரம் தெரியாது. இந்தப் பெண் என் தட்டை எப்போது வேண்டுமானாலும் தொடலாம்."

"இதை எந்தக் கோப்புல வைக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார் துவார்த்தே. "போ, காபி ஆறுது."

மேல் தளத்து இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. காபி ஊற்றப் போனேன். ஊற்றும்போது கண் மறைத்தது, கொஞ்சம் தட்டில் சிந்தியது. லம்ஸ்டன் அம்மாள் தன் கைத்துணியாலேயே துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 20

எல்லோரும் இறங்கினார்கள். லம்ஸ்டன் அம்மாள் கையைக் குலுக்கிவிட்டு, அந்தச் சூப் விஷயம் தனக்கு அன்றே தெரியும் என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

மதியம் ஒரு மணி. ஊழியர் சாப்பாட்டு அறை, மூலை மேசை. மேல் தளத்து இடம் எனக்குத்தான், வேலை இனி இரவில் மட்டும். கைபேசியை வினிகர் புட்டிமேல் சாய்த்து வைத்தேன். இங்கே எனக்குச் சோறும் கோழியும். அங்கே லிகாயாவுக்குச் சோறும் கருவாடும்.

"அம்மா, வாசம் வருதா?"

"மூக்கைத் துளைக்குது" என்றேன்.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். பேசாமல் சாப்பிடு என்று அதட்டினேன். எவ்வளவு நாளாயிற்று அதட்டி! வெளியே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட, "ஒரு நிமிஷம்மா!" என்று பாதியில் எழுந்து ஓடினாள். கைபேசியில் அவள் தட்டும் காலி நாற்காலியும்.

நான் என் தட்டைத் திருப்பி வைத்தேன். வாசல்வரைக்கும்தான் போயிருப்பாள், இருந்தாலும்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். முதலில் என் தட்டைத்தான் பார்த்தாள்.

"திருப்பினியா?"

"திருப்பினேன்."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.