இடி போட்ட கட்டம்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. டிபன் பாக்ஸ் கசிந்து பை முழுக்க சாம்பார்.

இன்று பெரிய சொதப்பல். என்னுடையதுதான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. எங்கள் ஆபீஸ் வேலையே வரைபடத்தில் கட்டம் கட்டமாக வானிலை வகையைத் திருத்துவது. தூறல், மழை, இடி, மூடுபனி என்று கம்ப்யூட்டர் தானாக நிரப்பி வைக்கும். ரேடாரையும் ஜன்னலையும் பார்த்து நாங்கள் மாற்றி அனுப்புவோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் கட்டத்துக்கு மட்டும் மதியம் இடி போட நினைத்தேன். காலை ஷிப்டில் யாரோ தேர்வு செய்த பகுதி அப்படியே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஒரே சொடுக்கு. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆரணி வரைக்கும் இடி. கண்ணில் படுவதற்குள் எல்லாருக்கும் அறிவிப்பு போய்விட்டது.

ஆர்.கே.பேட்டை செங்கல் சூளைக்காரர் போன்: "இன்னாம்மா, மொத்த கல்லையும் தார்பாய் போட்டு மூடிட்டு குந்திக்கினு கீறோம். மேல பாத்தா வெயிலு பல்லக் காட்டுது." மன்னிப்பு கேட்டேன். மனசாரத்தான்.

மேனேஜர் முரளி சார்: "உன்கிட்ட இடிய குடுத்தா ஊருக்கே பந்தி வச்சிடுவ போல." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கும்மிடிப்பூண்டியிலும் இடி வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

19, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, கொசுவத்தி, தாஸுக்கு சாக்ஸ் (பழசில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது).

என் வீட்டுக்காரர் தாஸ் வேலை செய்கிற புது ஷெட்டும் அந்தக் கும்மிடிப்பூண்டிக் கட்டத்தில்தான். கூரைக்குத் தகடு போடுகிறார்கள், பன்னிரண்டு பேர். எங்கள் அறிவிப்பில் இடி இருந்தால் இறங்கிவிட வேண்டும். அங்கே அது விதி. நேற்று மதியம் முழுக்க கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது ஆரம்பித்தார். "உன் ஊட்டுக்காரி இடி போட்டா நாங்க ஏன்டா கீழ குந்தணும்ன்றானுங்க. ஒரே பேஜாரா கீது."

"கீழ குந்தினா உசுரோட குந்தலாம்."

இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

20, புதன்

மேகமூட்டம், பிறகு வெயில். பல் வலி. கிராம்பு வைத்தேன்.

ஷெட் கட்டுகிற கம்பெனி முரளி சாரிடம் புகார் செய்திருக்கிறது. வேலை பிந்துகிறதாம். மதியம் கூப்பிட்டு டைப் செய்த காகிதத்தை நீட்டினார். இரண்டே வரி. ஒன்று: திங்கட்கிழமை தவறுக்கு வருந்துகிறேன். இரண்டு: கும்மிடிப்பூண்டி கட்டத்தில் கம்ப்யூட்டர் தருகிற வகையை இனி மாற்ற மாட்டேன்.

"கையெழுத்து போட்டுட்டு போம்மா. எதுக்கு வம்பு?"

முதல் வரிக்கு நேராகக் கையெழுத்து போட்டேன். இரண்டாவது வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

"இன்னாமா இது?"

"தப்பு செஞ்சது மத்த ஊருக்கு சார். அந்தக் கட்டத்துல நான் தப்பு செய்யல."

"அங்கயும்தான் இடி வரல."

"வரல. வர்ற மாதிரி இருந்துச்சு, போட்டேன். நாளைக்கு அதே மாதிரி இருந்தா நாளைக்கும் போடுவேன்."

"உன் வீட்டுக்காரர் அங்க இருக்காருன்னு போடுறியா?"

சுருக்கென்றது. காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன். வேலை போனால்? பஸ் முழுக்க அதே நினைப்பு. அவர் கேட்டதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்றும் பார்த்தேன். இருக்கட்டும். மீதி பதினொரு பேருக்கும் வீடு இருக்கிறது.

21, வியாழன்

வானம் பளிச். காற்றே இல்லை. நாஷ்டா சாப்பிடவில்லை, பல்.

1 மணி. ரேடாரில் ஆர்.கே.பேட்டைக்கு மேற்கே மேகம் எழும்புகிறது. இந்தப் பக்கம் கடல் காற்று உள்ளே வந்தாயிற்று. இரண்டும் சந்தித்தால் இங்கே, கும்மிடிப்பூண்டிக்கு மேல்தான். கம்ப்யூட்டர் சொல்வது: தூறல்.

தேர்வு செய்த பகுதியை மூன்று முறை பார்த்தேன். ஒரே கட்டம். இடி, 2 முதல் 5 வரை. அனுப்பினேன். அனுப்பிய கையோடு கட்டத்தைப் பூட்டினேன். பூட்டினால் வேறு யாரும் மாற்ற முடியாது. மேனேஜர் உடைக்கலாம். ஆனால் யார் உடைப்பது, ஏன் என்று கேட்கும். எழுதாமல் விடாது.

1.40. முரளி சார் வந்து நின்றார். "தூறலா மாத்து."

"மாட்டேன் சார்."

தன் சிஸ்டத்தில் போய் உட்கார்ந்தார். திரையில் பெட்டி வந்தது. பெயர். காரணம். இரண்டும் காலி.

"உடைங்க சார். பேரப் போட்டு உடைங்க."

ஒரு எழுத்து அடித்தார். அழித்தார். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

2.05. தாஸ் மெசேஜ்: "எறங்கிட்டோம். வெயிலு கொளுத்துது. எல்லாரும் உன்னத்தான் திட்டிக்கினு கீறானுங்க."

திட்டட்டும். திட்டுவதற்கு வாய் இருக்கிறதே.

3.00. ஒன்றுமில்லை. முரளி சார் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னை. நான் ரேடாரைப் பார்த்தேன். பூட்டைத் தொடவில்லை.

3.35. மேற்கே கறுப்பு.

3.50. முதல் இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தது.

4.10. தாஸ் போன். பின்னால் மழை இரைச்சல்.

"இன்னாயா, சொல்லு."

"கூரைல உழுந்துச்சி. நாங்க காலைல நின்னுக்கினு இருந்த தகடு கருகி ஓட்டயாயிடுச்சி."

"ஆளுங்க?"

"பன்னெண்டு பேரும் கீழதான் கீறோம்."

பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நேற்றைய காகிதம் என் மேஜையில் கிடந்தது, அடித்த கோட்டோடு. யாரும் புதிதாக டைப் செய்து தரவில்லை.

5.05. மழை விட்டது. இடியை நானே எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். பெயர் கேட்டது.

ச. ரோஸ்லின். இனிஷியலோடு போட்டேன்.