அடுத்த வீடு

கல்கத்தா
1943 டிசம்பர்

பாரிவாக்கத்தில் நைனாவுக்கு எத்திராஜ் அநேக நமஸ்காரம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம். ஹாஸ்டலில் வேளைக்குச் சோறு போடுகிறார்கள், கவலைப்படாதீங்க.

போன வாரம் ஸ்டாடிஸ்டிக்ஸ் மாணவர்களைப் பஞ்சக் கணக்கெடுக்க ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். எந்தெந்த வீட்டில் விசாரிப்பது என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். ஆள் பார்த்துப் பொறுக்கக்கூடாது, அதுதான் இந்தப் படிப்பின் தர்மம். என் சீட்டில் விழுந்த வீடுகளில் பாதி காலி. எல்லாரும் செத்துப்போனார்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

புரொபசர் சிரித்தார். "செத்தவன் என்ன பதில் சொல்வான்? அடுத்த வீட்டில் கேட்டு எழுது."

அடுத்த வீட்டில் மளிகைக்கடைக்காரர் இருந்தார். இரண்டு வேளை சாப்பிடுகிறாராம். அப்படியே காலி வீட்டுக்கெல்லாம் அடுத்த வீட்டில் கேட்டதில் பஞ்சம் சுமார்தான் என்று முடிவாகிவிட்டது. பூந்தமல்லி மண்டியில் நல்ல மூட்டையாகப் பார்த்துக் குத்தூசி போட்டு மாதிரி நெல் எடுத்துக் காட்டும் தரகரை "இன்னாய்யா நியாயம் இது" என்று திட்டுவீங்களே, அவருக்கு இங்கே எம்.ஏ. பட்டமே கொடுப்பார்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்க. நம்ம ஊட்டில் இருக்கிற எல்லார் பேரையும் தங்கச்சி வசந்தாவை வரிசையாக எழுதச் சொல்லுங்க, ஒருத்தரையும் விடாமல்.

தபால் கட்டும் நேரம், முடிக்கிறேன். உடனே பதில் போடுங்க, நைனா. வராவிட்டால் அடுத்த வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள என்னால் ஆகாது.

எத்திராஜ்