வாய்க்கு ஒரு காவல்

செங்கமலம்,

நீ கோயிலிலிருந்து திரும்புவதற்குள் மாயவரம் கிளம்புகிறேன், லீவில் வந்திருக்கும் உன் தம்பி சாரங்கனை அழைத்துவர. "மஸ்கட்ல ஏசி ரிப்பேர் பாக்குறவனுக்குப் உடம்பு முழுக்கப் பன்னிரண்டு நாமம் எதுக்குடா?" என்று நேற்று நான் கேட்டதும், இலையில் உட்கார்ந்தவன் சாப்பிடாமலே எழுந்து ஊருக்குப் போய்விட்டான்.

"அடியாரைப் பழிக்கக் கூடாதுங்கறது அவனைக் காப்பாத்த இல்லீங்க, உங்களைக் காப்பாத்த," என்றாய். அதற்கும் சிரித்தேன். காலையில் காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன்.

கிணற்றடியில் மன்னிப்பைச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் நக்கலாகவே வந்தது. அவனுக்குப் பன்னிரண்டு இருக்கட்டும். எனக்கு வாய்மேல் காவலுக்கு ஒரு நாமம் போட்டால் போதும்.

மூன்று பேருக்கு உலை வை. சாம்பாரில் வெங்காயம் வேண்டாம், அவன் தொடமாட்டான்.

— தாமோதரன்

பி.கு: அவன் வர மறுத்தால் நானும் சாப்பிடாமல் அவன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். இது மட்டும் கிண்டல் இல்லை.