உயிரோடிருக்கும் வீட்டுக்குச் செத்தவீட்டுப் படம்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நேரே சொல்லியிருக்கலாம். அங்கே வந்தால் பக்கத்துக் கல்லறைக்காரருக்கும் கேட்கிற மாதிரிக் கத்திவிடுவேன் என்று பயம். அதனால் எழுதுகிறேன். யார் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

உங்கள் வயல் வீட்டை நேற்றுப் படம் எடுத்தோம். மூதூருக்கும் தோப்பூருக்கும் நடுவில், ரோட்டில் இருந்து உள்ளே, அம்மம்மா உங்களுக்குச் சீதனமாகத் தந்த அதே வீடுதான். துறைமுகத்துக்கு வருகிற சாமான்களை இறக்கி வைக்க அந்தப் பக்கமெல்லாம் களஞ்சியம் கட்டப் போகிறார்களாம். ஒரு கம்பனி வயல் வயலாக வாங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் வேலிக்கு அடுத்த காணி வரைக்கும் கிரவல் மண் கொட்டி நிரப்பியாயிற்று.

"தங்கச்சி, இடிக்க முதல் எல்லாத்தையும் வடிவா எடுப்பி. என்ர பிள்ளையளுக்குக் காட்ட வேணும்" என்று கனடாவில் இருந்து அண்ணா சொன்னார். இடிக்க முதலாம்! யார் இடிக்க விட்டது என்று கேட்டேன். "என்ர பங்குக்கு நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். நீயும் கையெழுத்து வைச்சா அலுவல் முடிஞ்சுது. வெறும் வீடுதானே, ஒருத்தரும் இருக்கேல்லையே" என்றார்.

அவருடைய பங்கு! அம்மா, எனக்கு உங்களோடும் கோபம்தான். எங்கள் பக்கத்தில் தாயின் வீடு மகளுக்குத்தானே? காணி உறுதியை என் பெயருக்கு எழுதச் சொல்லி எத்தனை தரம் கேட்டேன்! "அண்ணன் தங்கச்சிக்குள்ள உறுதி எதுக்கடி, வாய்க்காரி" என்று சிரித்தீர்கள். எழுதாமலே கண்ணை மூடிவிட்டீர்கள். இப்போது சிரிக்கிறது யார்?

படம் எடுக்க வந்தவர் தோப்பூர் ஸ்டூடியோ நசீர் நானா. உங்கள் செத்தவீட்டுக்கும் அவர்தான் எடுத்தவர். தேத்தண்ணீர் குடித்துவிட்டு நெல் அறை, குசினி, கிணற்றடி என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அண்ணா வீடியோவில், போனுக்குள் இருந்து எங்களை மேய்த்தார். "அந்தக் கலண்டரைக் கழட்டு. சுவரில துவக்குச் சன்னம் துளைச்ச ஓட்டையள் தெரியட்டும். அப்பதான் படம் எடுப்பா இருக்கும்."

சண்டைக்கு ஓடித் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்துகொண்டே ஓடு போடுவித்தீர்கள். அந்த ஓட்டைகளைப் பார்த்தால் சோறு இறங்குதில்லை என்று வருசா வருசம் புதுக் கலண்டர் மாட்டினீர்கள். அண்ணாவுக்கு அது எடுப்பாம். நான் கழற்றவில்லை.

பிறகு குடும்பப் படம். உங்கள் தம்பியின் பெண்சாதி, அதுதான் எங்கள் மாமி, தன் பிள்ளைகள், மருமக்கள் எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். காணிக் கந்தோரில் அதிகாரிகளோடு இந்த வீட்டுக்காகக் கதைக்க வாருங்கள் என்று கூப்பிட்டபோது ஒருவருக்குக் கால் ஏலாது, ஒருவருக்கு நேரமில்லை. படம் என்றதும் பட்டுச்சாறி! வாசலுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அண்ணாவும் படத்தில் விழ வேண்டும் என்று மாமி போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

நசீர் நானா கமராவுக்குள்ளால் பார்த்தபடி, பழக்கத்தில் சொன்னார்: "மகள் தலைமாட்டுப் பக்கம் நில்லுங்க புள்ள. மத்த ஆக்கள் பெட்டியைச் சுத்தி..." அப்படியே நாக்கைக் கடித்தார். "யா அல்லாஹ், மன்னிச்சிக்கங்க."

நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் பெட்டியைச் சுற்றி நின்ற அதே ஆட்கள், அதே வரிசை, அதே மூஞ்சிகள். அன்றைக்கு நீங்கள் செத்துத்தான் கிடந்தீர்கள், அம்மா. இந்த வீடு செத்துவிட்டது என்று யார் சொன்னது?

நான் வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

"எங்கயடி போறாய்?" என்றார் மாமி.

"உலை வைக்க."

உங்கள் குசினி அடுப்பில் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி நெருப்பு மூட்டினேன். ஓட்டு இடுக்கெல்லாம் புகை கிளம்பியது. மாமியின் நெஞ்சில் இருந்து அண்ணா கத்துவது குசினிக்கே கேட்டது: "புகை விழுது! படம் பழுதாப் போகுது! ஆர் அது நெருப்பு வைச்சது?" நான் இன்னும் இரண்டு பொச்சு வைத்தேன். நன்றாக அழுதேன். கேட்டால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நசீர் நானா மட்டும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மற்றவர்களுக்கு ரோசம். இன்று காலை குடும்ப வட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. எல்லோரும் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். லண்டனில் இருக்கிற ஒருத்தி 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதியிருந்தாள். யாருக்கு அனுதாபம் என்று கேட்டேன்.

கம்பனி அனுப்பிய கடிதத்தில் இது 'ஆட்கள் வசிக்காத கட்டடம்' என்று இருக்கிறது. அதில் பொய்யில்லை. மூதூரில் குடியிருந்துகொண்டு, ஞாயிறு பூசை முடியத்தானே நான் வந்து கூட்டிவிட்டுப் போகிறேன்? இனி அந்தக் கதைக்கு இடம் வைக்க மாட்டேன். இன்றைக்கே பாயும் பானையும் கொண்டு வந்துவிட்டேன். "உனக்கு விசர்" என்று என்னவர் திட்டினார். திட்டிக்கொண்டே பாயைத் தூக்கி வந்தார். அதற்குமேல் என்ன வேண்டும்?

வெல்வேனா என்று கேட்காதீர்கள், அம்மா. தெரியாது. அண்ணாவின் பாதியை அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். அந்தப் பாதி எந்தச் சுவரோடு முடிகிறது என்று என்னிடம் வந்து கேட்கட்டும்.

சத்தியமாக நான் கையெழுத்து வைக்க மாட்டேன். உங்கள் கலண்டர் அதே ஆணியில் தொங்கும். இடிக்க வருகிறவர்கள் முதலில் என் சோற்றுப் பானையை அடுப்பில் இருந்து இறக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க இறக்கட்டும்.

உங்கள் வாய்க்காரி மகள்,
ரோசலின்